நாற்பத்தேழாம் எண் காற்றாலை

ஏப்ரல் 9, புதன்

47-ஆம் எண் காற்றாலையின் வருட சர்வீஸ் இன்று முடிந்தது. எனக்கும் மாசானம் அண்ணாச்சிக்கும் ஒதுக்கிய ஐந்தில் இதுதான் கடைசி. காலை பத்து மணிக்குக் கோபுரத்துக்குள் போனேன், ஒன்றரைக்கு வெளியே வந்தேன். அண்ணாச்சி கீழே நின்றார். படிவத்தை ஜீப்பில் உட்கார்ந்தே நிரப்பினேன். இறக்கை போல்ட்டுகள்: சரி. எண்ணெய்: சரி. பிரேக்: சரி. கையெழுத்துப் போட்டேன். சூப்பர்வைசர் நம்பிராஜன் சார் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "காத்து சீசனுக்கு முன்னால முடிச்சிட்டிய, நல்லது" என்றார்.

வரும் வழியில் பணகுடியில் மிக்ஸி ஜாருக்கு ரப்பர் மாற்றினேன். ரெஜினா கத்திரிக்காய் வாங்கி வரச் சொல்லியிருந்தாள். மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 10, வியாழன்

இந்த டைரி பேரிங் விற்கிறவர்கள் புது வருடத்துக்குக் கொடுத்தது. மூன்று மாதம் அலமாரியில் கிடந்தது. நேற்று ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை. சர்வீஸ் கணக்கு குறித்து வைக்கலாம் என்றுதான் நினைத்தேன்.

பதினோரு வருடமாகக் காற்றாலை ஏறுகிறேன். எழுபத்தைந்து மீட்டர் உயரம், உள்ளே நேர் ஏணி, நடுவில் நின்று மூச்சுவிட மூன்று தட்டுகள். உச்சியில் ஒரு பெட்டி. அதன் முகப்பில் மூன்று இறக்கைகள். ஒவ்வோர் இறக்கையும் ஆறு டன். அதைப் பிடித்துக்கொண்டிருப்பது ஐம்பத்து நான்கு போல்ட்டுகள். வருடம் ஒருமுறை அத்தனையையும் பம்ப் வைத்து முறுக்கி, ஒவ்வொன்றிலும் மார்க்கர் பேனாவால் கோடு போட வேண்டும். அடுத்த முறை கோடு விலகியிருந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தை எதற்கு எழுதுகிறேன்?

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்துக்கு நின்றேன். நீளமான வரிசை. ரெஜினா எனக்கு முன்னால் நின்றாள். என் முறை வந்ததும் சொன்னேன்: கோபப்பட்டேன், நான்கு ஞாயிறு பூசை காணவில்லை, அம்மாவுக்குப் போன் பண்ணவில்லை. சாமியார் "வேற ஏதாவது?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

வெளியே வந்தபோது கால் வியர்த்துச் செருப்பு வழுக்கியது.

ஏப்ரல் 26, சனி

ரெஜினாவின் தம்பி கஸ்பார் வந்திருக்கிறான். தூத்துக்குடிப் பக்கம் ஓர் அனல்மின் நிலையத்தில் ஒன்பது வருடம் சாம்பல் பகுதியில் ஒப்பந்த வேலை. பழைய யூனிட்டை மூடிவிட்டார்கள். நிரந்தர ஆட்களை வேறு இடத்துக்கு மாற்றினார்களாம். ஒப்பந்தத் தொழிலாளர்களிடம் கேட்டில் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

"இனிமே எல்லாம் காத்தும் வெயிலும்தானாம் அத்தான். கரிக்காரன் எங்க போவான்? காத்தாடிக்கே வந்துருதேன்" என்று சிரித்தான். முப்பத்து மூன்று வயது. இன்னும் இருமுகிறான். மதியம் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

ரெஜினா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். "நம்பிராஜன் சார்ட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா எடுத்துக்கிடுவாவ."

சொல்கிறேன் என்றேன்.

மே 5, திங்கள்

கஸ்பாரை எடுத்துக்கொண்டார்கள். இன்று முதல் ஏணி ஏறும் பயிற்சி, இரண்டு வாரம். "ஒன்பது வருசம் கொதிகலன் படி ஏறி இறங்குனவன், குரங்கு மாதிரி ஏறுதான். உன் சிபாரிசு வீண் போகல" என்றார் சார். ரெஜினா இன்று பாயசம் வைத்தாள்.

மே 14, புதன்

காற்று வந்துவிட்டது.

மே 18, ஞாயிறு

பூசை முடிந்து ரெஜினாவை வீட்டில் விட்டுவிட்டு, பெட்ரோல் போட்டு வருவதாகச் சொல்லி 47-க்குப் போனேன். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பைக்கையே சாய்த்தது. சுற்றிலும் நூற்றுக்கணக்கில் சுற்றுகின்றன. நான் அதை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இறக்கை கீழே வரும்போது விசிறுகிற சத்தம் எல்லாவற்றிலும் கேட்கும். 47-இல் ஓர் இறக்கை வரும்போது மட்டும் 'டொக்' என்று இன்னொரு சத்தம். விரலால் எண்ணினேன். மூன்றுக்கு ஒன்று. மூன்றுக்கு ஒன்று. ஒரு மணி நேரம் நின்றேன். கியர் பெட்டியாக இருக்கலாம். காற்று காதில் அடைப்பதாலும் இருக்கலாம்.

அதன் அடியில் ஓர் ஆட்டுக்காரர் ஆடுகளை அடைத்துக் கிடை மறித்திருக்கிறார். நிழலுக்குத் தார்ப்பாய் கட்டி, அதன் கீழே கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். "இங்க எதுக்கு அண்ணாச்சி, அந்தப் பக்கம் போடலாம்ல" என்றேன். "ஏன், உங்க காத்தாடி நிழலுக்குக் காசு கேப்பியளோ?" என்றார்.

பெட்ரோல் போட மறந்து வீட்டுக்கு வந்தேன்.

மே 20, செவ்வாய்

மதியம் யாரும் இல்லாத நேரம் பார்த்து 47-க்குப் போய்க் கீழே உள்ள பெட்டியில் நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். இறக்கைகள் மெதுவாக நின்றன. எனக்கு மூச்சு வந்தது. நான்கு நிமிடத்தில் கண்ட்ரோல் ரூமிலிருந்து போன். காரணம் கேட்டார்கள். தெரியாமல் கை பட்டுவிட்டது என்றேன். அங்கிருந்தே திரும்ப ஓடவிட்டார்கள்.

சாயங்காலம் நம்பிராஜன் சாரிடம் போனேன். "சார், 47-ல ஒரு சத்தம் வருது. ரெண்டு நாள் நிறுத்திப் பாத்தா நல்லது."

"சீசன்ல எவன்ல நிறுத்துவான்? ஆறரை மணிக்கு மேல சோலார் படுத்துருது. அதுக்கப்புறம் ஊரு பூரா ஃபேன் ஓடுறது நம்ம காத்துலதான். ஒண்ணு நின்னாலும் சென்னையிலேர்ந்து எனக்குப் போன் வருது." கோப்பை எடுத்துப் பிரித்தார். "போல்ட்டு எல்லாம் சரின்னு ஏப்ரல் ஒன்பதாம் தேதி நீதான எழுதியிருக்க? பொறவு என்ன?"

என் கையெழுத்தை எனக்கே காட்டினார். பார்த்தேன். ஆமாம் சார் என்றேன்.

மே 21, புதன்

வேறு யாரிடமும் சொல்லப்போவதில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

ஏப்ரல் 9 அன்று நான் உச்சிக்குப் போகவில்லை. இரண்டாம் தட்டு வரைதான் போனேன்.

டிசம்பரில் வேறொரு காற்றாலையில் மாசானம் அண்ணாச்சிக்குக் கால் வழுக்கியது. எனக்கு நாலு படி கீழே ஏறிக்கொண்டிருந்தார். பெல்ட் கயிறு பிடித்துக்கொண்டது. ஆனால் தோள் விலகி, இடது கை முறுக்கியபடி தொங்கினார். நான் இறங்கி, மேலிருந்து ஆள் வரும்வரை இருபது நிமிடம் அவருடைய சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு ஏணியில் நின்றேன். அவர் கத்தவில்லை. "விட்ராத, விட்ராத" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு நான்கு காற்றாலை ஏறிவிட்டேன், பல்லைக் கடித்துக்கொண்டு. 47-இல் இரண்டாம் தட்டிலிருந்து அடுத்த படியில் கை வைத்தேன். கை மூடவில்லை. விரல்கள் விறைத்து நின்றன. கீழே பார்த்தேன், மேலே பார்த்தேன், உட்கார்ந்துவிட்டேன். மூன்று மணி நேரம் அந்தத் தட்டில் உட்கார்ந்திருந்தேன். கொண்டுபோன எலுமிச்சைச் சோற்றையும் அங்கேயே சாப்பிட்டேன். பிறகு இறங்கி வந்து, எல்லாம் சரி என்று எழுதினேன்.

போல்ட் முறுக்கும் பம்ப் அன்று முழுக்க ஜீப்பிலேயே கிடந்தது. நான் மேலே இழுப்பதற்கு அதைக் கயிற்றில் கட்டியனுப்ப வேண்டியவர் அண்ணாச்சி. அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய இடது கை காதுக்கு மேல் எழும்பாது. அது குணமாகிவிட்டது என்று கம்பெனியிடம் சொல்லி வேலைக்கு வந்திருக்கிறார். அதை நானும் யாரிடமும் சொல்லவில்லை.

மே 27, செவ்வாய்

இன்று 47-இல் ஏறிப் பார்த்தேன். யாருக்கும் தெரியாமல் நானே போய்ப் பார்த்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். கண்ட்ரோல் ரூமில் அரை மணி நேரம் அனுமதி வாங்கி நிறுத்தினேன். முதல் தட்டைக்கூட எட்டவில்லை. காற்றில் கோபுரம் அசைந்தது. அது அசையத்தான் செய்யும், பதினோரு வருடமாகத் தெரியும். ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். மூத்திரம் போய்விட்டது.

கால்சட்டையைக் கிணற்றடியில் அலசினேன். ரெஜினா ஏன் நனைந்திருக்கிறது என்று கேட்டாள். ஜீப்பைக் கழுவினேன் என்றேன்.

மே 29, வியாழன்

சாப்பாடு இறங்கவில்லை. "உங்களுக்கு என்னமோ இருக்கு" என்கிறாள். வெயில் என்றேன்.

ஜூன் 2, திங்கள்

47-இல் அதிர்வு எச்சரிக்கை வர ஆரம்பித்திருக்கிறது. காலைக் கூட்டத்தில் சார் சொன்னார்: "போல்ட் எல்லாம் ஏப்ரல்ல முறுக்கியாச்சு. அப்போ கியர் பெட்டிதான். மெதுவா சுத்தவிட்டு, மேல ஒரு ஆள் உக்காந்து காது குடுத்துக் கேட்டாத் தெரிஞ்சிரும். மாசானமும் கஸ்பாரும் இந்த வாரத்துக்குள்ள போயிட்டு வாங்க." என்னை 12-க்கு அனுப்புகிறார். அது லெவிஞ்சிபுரம் பக்கம், ஒன்பது கிலோமீட்டர்.

நான் போகிறேன் சார் என்று சொல்ல வாய் எடுத்தேன். போனால் ஏற வேண்டும். வாயை மூடிக்கொண்டேன்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

வீட்டில் கஸ்பார் புது ஷூவுக்குக் கயிறு கோர்த்துக்கொண்டிருந்தான். நாளைக்கே போய்விடலாம் என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டானாம். முதல் தடவையாக உச்சிப் பெட்டிக்குப் போகிறான்.

நாளைக் காலையில் சொல்லிவிடுவேன். கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன்.

ஜூன் 3, செவ்வாய்

காலையில் சொல்லவில்லை. கஸ்பார் எனக்கு முன்னால் கிளம்பிவிட்டான். அதுதான் காரணம் என்று எழுதலாம். நான் குளியலறையில் இருந்தேன். அவன் "அத்தான், வாரேன்" என்று வெளியிலிருந்து சொன்னான். கதவைத் திறந்து இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

பத்தே முக்காலுக்கு 12-இன் பக்கத்தில் உள்ள டீக்கடையில் இருந்தேன். அண்ணாச்சி போன் பண்ணினார்.

"தம்பி, உன் மச்சினன் மேல போயிட்டான். உச்சிக்குப் போயிட்டான். சுத்தவிடுங்கன்னு கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லியாச்சு. மெதுவா சுத்துது."

"நிறுத்துங்க அண்ணாச்சி. செவப்புப் பொத்தான அமுக்குங்க."

"அமுக்குனா ஏன்னு கேப்பாவ. என்னன்னு சொல்ல?"

அவர் குரல் டிசம்பரில் கேட்ட குரல் மாதிரி இருந்தது. பின்னால் அந்தச் சத்தம். டொக். போனில்கூடக் கேட்டது.

"நான் சொல்லிருதேன். நீங்க அமுக்குங்க."

கட் பண்ணி நம்பிராஜன் சாருக்கு அடித்தேன். காற்று ஊளையிட்டது. "சார், 47-ல போல்ட் முறுக்கல" என்றேன். "என்னல? கேக்கல" என்றார். திரும்பச் சொன்னேன். கேட்கவில்லை. கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். போனை வாயோடு ஒட்டி வைத்துக் கத்தினேன்: "ஏப்ரல்ல நான் மேல ஏறல சார். பயந்துட்டேன். பொய்க் கையெழுத்துப் போட்டேன். கஸ்பார் மேல இருக்கான், கீழ எறக்குங்க."

  போன் கட்டாகிவிட்டது.

ஒன்பது கிலோமீட்டர். பைக்கை விரட்டினேன்; எந்த இடத்தில் பள்ளம், எந்த இடத்தில் லாரி என்று எதுவும் நினைவில்லை. காவல்கிணறு தாண்டியதும் தூரத்தில் காற்றாலை வரிசை தெரிந்தது. எல்லாம் சுற்றின. அதில் நிற்கிறதைத் தேடினேன். தெரியவில்லை. ஒன்று விழுந்திருந்தால் வரிசையில் இடைவெளி தெரியும் என்று நினைத்தேன். திரும்பத் திரும்ப எண்ணினேன், தப்பாக எண்ணினேன். பிறகு பார்த்துவிட்டேன். 47 நின்றுகொண்டிருந்தது. இறக்கைகள் அசையவில்லை.

அண்ணாச்சி கோபுரத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆட்டுக்காரரைத் தூரமாகப் போகச் சொல்லி அனுப்பியிருந்தார். "எறங்கிட்டு இருக்கான்" என்றார். உள்ளே எட்டிப் பார்த்தேன். மேலே எங்கோ ஏணியில் ஷூ படுகிற சத்தம். ஒரு படி. ஒரு படி. நடுவில் நிற்கிறது. எங்கள் தலைக்கு மேலே அந்த ஆறு டன் தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான நேரம் இருந்ததில்லை. அண்ணாச்சி என் தோளில் கை வைத்திருந்தார், அல்லது நான் அவர் தோளில். தெரியவில்லை.

கஸ்பார் கிரீஸ் பூசின கன்னத்தோடு வெளியே வந்தான். "அத்தான், நீங்க எங்க இங்க? மேலேர்ந்து கடலு தெரியுது. ஒங்ககிட்டச் சொல்லணும்னு நெனச்சேன்."

அவனை இழுத்துக்கொண்டு இருநூறு மீட்டர் ஓடினேன். ஏன் என்று கேட்டுக்கொண்டே ஓடிவந்தான். நின்ற பிறகு சொன்னேன். அவன் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போயிற்று.

ஜூன் 5, வியாழன்

கிரேன் வைத்து வெளியூர் ஆட்கள் ஏறிப் பார்த்தார்கள். ஓர் இறக்கையில் பதினொரு போல்ட்டுகள் முறிந்திருந்தன. பக்கத்தில் இருந்தவை கையால் திருகினாலே சுற்றின. எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று அவர்களில் ஒருவரிடம் கேட்டேன். அவர் முறிந்த துண்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். உடைந்த இடத்தில் பாதி பழைய துரு, பாதி புது முறிவின் பளபளப்பு.

ஜூன் 6, வெள்ளி

விசாரணை. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் எதையும் மறைக்கவில்லை, ஒன்றைத் தவிர.

"கீழ நின்ன மாசானத்துக்கு இது தெரியுமா?"

"தெரியாது சார்."

"பம்ப் மேல போகலன்னு அவருக்குத் தெரியாதா?"

"மேலயே வேற பம்ப் இருக்குன்னு நான் அவர்ட்ட சொல்லியிருந்தேன்."

அடையாள அட்டையை மேசையில் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். வெளியே அண்ணாச்சி நின்றார். என்னைத் தாண்டி உள்ளே போனார். கதவு மூடவில்லை. "எனக்கும் தெரியும்யா. என் கையும் சரியில்ல, அதையும் எழுதிக்கிடுங்க" என்று அவர் சொல்வது கேட்டது.

அவருக்கும் வேலை போயிற்று. பஸ் நிறுத்தம் வரை ஒன்றாக நடந்தோம். "ஏன் அண்ணாச்சி?" என்றேன். "பொத்தான அமுக்குறதுக்கு முந்தி யோசிச்சேன் பாரு, அந்த நேரம் என்ன ஒறங்க விடமாட்டேங்குது" என்றார்.

ஜூன் 8, ஞாயிறு

ரெஜினா இரண்டு நாளாகப் பேசவில்லை. இன்று துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "அவனுக்கு வேலைக்குச் சொன்னியளே, அப்பமே ஒங்களுக்கு இது தெரியும்தானே?"

"தெரியும்."

"சிபாரிசு பண்ணிட்டு வந்து அன்னைக்குப் பாயசம் குடிச்சிய."

"ஆமா."

என் சட்டையை மடித்து முடித்து, என் பக்கம் வைத்தாள். அவள் பக்கம் இருந்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

உண்மையைச் சொல்லிவிட்டால் பயம் போய்விடும் என்று நினைத்தேன். இது வேறு மாதிரி பயம்.

ஜூன் 16, திங்கள்

சோலார் பலகை கழுவும் வேலை கிடைத்திருக்கிறது. தரையில் நின்றுகொண்டு நீளக் குச்சியில் துடைப்பான் கட்டித் தேய்க்க வேண்டும். ஆயிரத்து நானூறு பலகை. காலை ஆறு முதல் பத்து வரை, வெயில் ஏறுவதற்குள். குனிந்து முதுகு வலிக்கிறது.

கஸ்பார் இன்னும் காற்றாலையில்தான் இருக்கிறான். ரெஜினா வேண்டாம் என்று அழுதாள். "வேற எங்கக்கா போவேன்?" என்று கேட்டான். அவள் என்னைப் பார்த்தாள். அவன் திரும்பி வரும் வரை வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிறாள். நானும்தான்.

ஜூன் 27, வெள்ளி

கஸ்பார் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டான். நான் எழுந்து வாசலுக்குப் போனேன். ரெஜினா கையில் கரண்டியோடு ஓடிவந்தாள்.

ஒன்றும் இல்லை என்றான். 31-இல் ஏறினானாம். இன்று காற்று அதிகம். இரண்டாம் தட்டில் கால் நடுங்கியதாம். கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தும் நடுக்கம் நிற்கவில்லையாம். இறங்கிவிட்டான். நேராக நம்பிராஜன் சாரிடம் போய், "சார், இன்னைக்கு என்னால முடியல. பயமா இருக்கு" என்று சொன்னானாம்.

"அதுக்கு அவரு என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"சரி, வீட்டுக்குப் போ, நாளைக்குப் பாப்போம்னாரு."

"பொறவு?"

"பொறவு என்ன? பஸ்ஸப் பிடிச்சு வந்துட்டேன்."

"திட்டலியா?"

"இல்லத்தான்."

"வேற ஒண்ணுமே சொல்லலியா?"

கஸ்பார் என்னை ஒருமாதிரி பார்த்தான். ரெஜினா அவனுக்குத் தட்டு எடுத்துவைக்கப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"ஒண்ணும் சொல்லலத்தான்" என்றான். "அவ்வளவுதான்."